பெருக்கினால் பிசிறும், கூட்டினால் பாடும்

பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜாவாவில் ஒரு நிரல் எழுதினாராம். கணினி விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் ஸ, பக்கத்து விசையை அழுத்தினால் ரி என்று ஸ்வரங்கள் ஒலிக்க வேண்டும். ஒலிக்கத்தான் செய்கின்றன. ஆனால் விசையை அழுத்தி, கையை எடுத்து, அடுத்தது எது என்று யோசிக்கும்போதுதான் முதல் ஸ்வரம் வந்து சேர்கிறது. போதாததற்கு, ஸ்வரம் மாறும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு. ‘ஜாவா மெதுவான மொழி, இசைக்கெல்லாம் ஆகாது’ என்று அறைத் தோழர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தின் கடைசி வரி: ‘ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் ஏஐ முழுப் பாட்டையே போட்டுத் தருகிறது. நான் எதற்கு சார் ஒரு ஸட்ஜத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்?’

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், அது சுலபம். பாட்டுப் போட்டுத் தரும் சேவைகள் கொடுப்பது ஒரு கோப்பு. அதைக் கேட்கலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம். வாசிக்க முடியாது. வாசிப்பதென்றால் விரல் அழுத்தியதும் ஒலிக்க வேண்டும், எடுத்ததும் அடங்க வேண்டும், விரல் அசைந்தால் ஸ்வரமும் அசைய வேண்டும். ‘நிகழ்நேரம்’ என்று மார்தட்டிக்கொண்டு வரும் ஏஐ மாதிரிகள் சிலவும் இசையை விநாடிக் கணக்கில் நீளமான துண்டுகளாகத்தான் வெட்டித் தருகின்றன. இரண்டு விநாடி கழித்து வந்து சேரும் ரிஷபத்தை வைத்துக்கொண்டு யாரும் மோகனம் வாசித்துவிட முடியாது. இந்த ஒரு விஷயத்தில், நாற்பது ஆண்டுக்கு முன் வந்த மலிவான எலெக்ட்ரானிக் கீபோர்டு அவற்றைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து, தோழர்களின் தீர்ப்பு. சிடி தரத்தில் ஒலி என்றால் விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். ஸ்பீக்கரின் சவ்வு இந்தக் கணம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் எண்தான் ஒரு சாம்பிள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 22.7 மைக்ரோ விநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அதற்குள் 68,000 முறை துடித்துவிடுகிறது. ஒரு சைன் மதிப்பைக் கண்டுபிடிக்க ஜாவாவுக்கு 300 துடிப்பு ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இருநூறு சைன் அலைகளை ஒரே சமயத்தில் ஒலிக்கவிடலாம். ஜாவாவுக்கு மந்தம் என்ற பெயர் தொண்ணூறுகளில் வந்தது. அப்போது ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே படித்துப் படித்துச் செயல்படுத்தினார்கள். இப்போது ஜாவா இயந்திரம் அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டுபிடித்து, அதைப் பிராசஸரின் சொந்த மொழிக்கே மாற்றிவிடுகிறது. வேகம் மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆக, வேகம் பிரச்சினையில்லை, கெடுதான் பிரச்சினை. சராசரியாக வேகமாக ஓடுவது வேறு, ஒரு தடவைகூடப் பிந்தாமல் ஓடுவது வேறு.

கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி சவுண்ட் கார்டு. விசித்திரமான விருந்தாளி. விநாடிக்கு 44,100 பருக்கை என்று ஒரே சீராகச் சாப்பிடுவார். ‘போதும்’ என்று கையால் மறிக்க மாட்டார், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கவும் மாட்டார். இலை காலியானால் வெறும் வாயை மெல்லுவார். அதுதான் ஸ்பீக்கரில் படபடவென்று கேட்கும் வெடிப்பு. சமைப்பதும், வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறுவதும் உங்கள் நிரலின் வேலை. இலையில் கிடக்கும் சோறுதான் பஃபர்.

பரிமாறுபவருக்கு நிம்மதி வேண்டுமென்றால் இலையில் மலையாகக் குவித்துவிட்டுப் போகலாம். அவர் திரும்பி வர நிறைய நேரம் இருக்கும். ஆனால் இப்போது நீங்கள் ‘இவருக்கு மோர்க்குழம்பு’ என்று குரல் கொடுத்தால், குவித்ததையெல்லாம் தின்று தீர்த்த பிறகுதான் மோர்க்குழம்பு அவர் நாக்கை எட்டும். நம் வாசகருக்கு நேர்ந்தது இதுவே. ஜாவாவில் ஒலி வெளியேறும் வாசலுக்கு ‘சோர்ஸ் டேட்டா லைன்’ என்று பெயர். பஃபர் அளவைச் சொல்லாமல் அதைத் திறந்தால், அது பெரும்பாலும் அரை விநாடிக்கான சோற்றைக் குவிக்க இடம் ஒதுக்கிவிடுகிறது. அரை விநாடியில் ஒலி காற்றில் 170 மீட்டர் போய்விடும். அதாவது, தெருக்கோடியில் வைத்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசகர் வாசிக்கிறார். 441 சாம்பிள் என்று நாமே அளவைக் கொடுத்தால் தாமதம் 10 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். காற்றில் அது மூன்றரை மீட்டருக்கும் குறைவு. வாசிப்பவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் எல்லை இதுதான். ஆனால் அதற்குப் பரிமாறுபவர் விநாடிக்கு நூறு தடவை வாளியோடு வந்தாக வேண்டும். ஒரு தடவை வாசலில் நின்று சம்பந்தியோடு பேசினாலும் இலை காலி.

ஒப்புமையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜாவாவின் உண்மையான வம்பே சமையல்கட்டில்தான் இருக்கிறது. அங்கே சமையல்காரருக்கு ஒரு பழக்கம். கரண்டிக்கு ஒரு புதுப் பாத்திரம் எடுப்பார், பயன்படுத்தியதை மூலையில் எறிவார். மூலை நிறைந்ததும் பாத்திரம் தேய்ப்பவர் வருவார். ‘நான் முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது’ என்பார். சமையல்காரர் கரண்டியோடு அப்படியே நிற்பார், பரிமாறுபவர் வாளியோடு நிற்பார். விருந்தாளி மட்டும் மென்றுகொண்டே இருப்பார். பயன்படுத்தி முடித்த நினைவகத்தை மீட்டெடுக்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்பு ஓடும் கணம் இது. இசை நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமே தெரியாமல் சட்டென்று வெடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பாத்திரம் தேய்ப்பவரைத்தான். 2007ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சிலர், இசைக்காரர்கள் பயன்படுத்தும் தாளக் கருவியின் பெயரையே சூட்டி ‘மெட்ரோனோம்’ என்ற தனிக் குப்பை சேகரிப்பியை வைத்து, ஜாவாவில் நிகழ்நேர இசை சாத்தியம்தான் என்று செய்து காட்டினார்கள். 2018ல் வந்த இஸட்ஜிசி என்ற சேகரிப்பி, பின்னால் வந்த பதிப்புகளில் இந்த நிறுத்தத்தை ஒரு மில்லி விநாடிக்குள் அடக்கிவிட்டது. எனக்குப் பிடித்த தீர்வு இந்த இரண்டுமில்லை: முதல் பந்திக்கு முன்பே ஒரு வாளியை எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே நிரப்பி நிரப்பிப் பரிமாறுவது. ஒலிச் சுழலுக்குள் புதிதாக எதையும் உருவாக்காவிட்டால், தேய்ப்பவருக்கு வேலையே இல்லை.

பாயசம் பாக்கியிருக்கிறது. ஒரே சமயத்தில் மூன்று விசைகளை அழுத்தினால் மூன்று சமையலும் ஒரே இலையில் விழும், எண்களாகக் கூட்டப்பட்டு. 16 பிட் இலையின் கொள்ளளவு 32,767. அதற்கு மேல் ஊற்றினால் கரகரப்புத்தான். ஆகவே ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்றவும். பந்தி முடிந்தது, கை கழுவலாம்.

வரலாறு இல்லாத அறிவியல் கட்டுரையைப் பத்திரிகைகள் விரும்புவதில்லை என்பதால் ஒரு பத்தி. 1951ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஏசி கணினியும், இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஃபெரான்டி மார்க் 1 கணினியும் பாட்டு வாசித்தன. நேரடியாக ஸ்பீக்கருக்குத் துடிப்புகளை அனுப்பி, அப்போதைக்கு அப்போதே. 1957ல் பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மாத்யூஸ் எழுதிய மியூசிக் 1 என்ற நிரலின் முதல் பாட்டு 17 விநாடிதான். ஆனால் அந்த 17 விநாடியை நியூயார்க்கில் இருந்த ஐபிஎம் கணினியில் கணக்கிட்டு, காந்த நாடாவில் பதித்து, நியூஜெர்சிக்கு எடுத்துப் போய்த்தான் கேட்க முடிந்தது. நிகழ்நேரம் முதலில் வந்தது, பிறகு காணாமல் போனது. ஒலித்தரத்துக்கு அன்று கொடுத்த விலை அது. 44,100 என்ற எண்ணில் எந்தத் தத்துவமும் இல்லை. டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ நாடாவில் பதித்தார்கள். வரிக்கு 3 சாம்பிள், 245 வரி, விநாடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள். 1995ல் அறிமுகமான ஜாவாவுக்குத் தொடக்கத்தில் 8,000 சாம்பிள் தரக் கோப்புகளை ஒலிக்கவிட மட்டுமே தெரியும். இதற்கிடையே 1997ல் ஃபில் பர்க் என்பவர் ஜேசின் என்ற ஒலித்தொகுப்பு நூலகத்தை ஜாவாக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஜாவாவே தன் பங்குக்கு ஒலித் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது 2000ல். வரலாறு போதும்.

இனி அந்த ‘டிக்’. நான் இந்தக் கடிதத்தைக் கையிலெடுத்ததே இதற்காகத்தான்.

பள்ளியில் படித்த சூத்திரம்: அதிர்வெண்ணை நேரத்தால் பெருக்கி, 2 பையால் பெருக்கி, சைன் எடு. வாசகரின் நிரலிலும் இதுவே இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஒரே ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும்வரை இதில் பிழையே கிடையாது. ஸ்வரம் மாறும் கணத்தைப் பாருங்கள். ஸ 261.63 ஹெர்ட்ஸ், அதன் 9/8 மடங்காக ரி 294.33 ஹெர்ட்ஸ். தொடங்கி 0.3 விநாடி ஆகும்போது ஸவிலிருந்து ரிக்கு மாறுகிறோம். அந்தக் கணத்தில் ஸ, 78 சுற்று முடித்து 79வது சுற்றில் ஏறக்குறைய பாதி வந்திருக்கிறது. அலையின் மதிப்பு 0.07. ரி தொடக்கத்திலிருந்தே ஒலித்திருந்தால் 88.3 சுற்று ஆகியிருக்கும், மதிப்பு 0.95. சூத்திரம் கூசாமல் 0.07க்கு அடுத்த சாம்பிளாக 0.95ஐ எடுத்து நீட்டுகிறது. 22 மைக்ரோ விநாடியில் சவ்வு ஒரு முனைக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் ‘டிக்’.

கோளாறு ஸ்வரத்தில் இல்லை, சூத்திரத்தின் மனப்பான்மையில் இருக்கிறது. பெருக்கல், ‘இந்த அதிர்வெண்ணில்தான் தொடக்கம் முதல் பாடிக்கொண்டிருக்கிறேன்’ என்று நினைத்துக்கொள்கிறது. அதிர்வெண்ணை மாற்றினால் அந்தக் கணத்தை மட்டும் மாற்றுவதில்லை, பழைய கணக்கு முழுவதையும் திருத்தி எழுதிவிடுகிறது. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே இது ஒரு சொடுக்கோடு போய்விடும். ஸ்வரத்தை அசைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் இதன் சுயரூபம்.

440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை மேலும் கீழும் 5 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 6 தடவை ஆட்டுகிறோம். அடக்கமான அசைவு. பெருக்கல் சூத்திரத்தில் இதைப் போட்டால் முதல் அரை விநாடி ஏதோ சுமாராக இருக்கும். பிறகு அசைவு அகலமாகும். இன்னும் அகலமாகும். பத்தாவது விநாடியில் அது ஸ்வரமே இல்லை, ஓலம். ஏன் என்று கணக்குப் போடலாம். பத்து விநாடி ஆன பிறகு அதிர்வெண் 435லிருந்து 445க்குப் போகிறது. ‘பத்து விநாடியாக 435’ என்ற வரலாற்றை ‘பத்து விநாடியாக 445’ என்று திருத்த வேண்டும். வித்தியாசம் 100 சுற்று. அசைவின் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்குப் போக ஆகும் நேரம் விநாடியில் 12ல் ஒரு பங்கு. அதற்குள் அந்த 100 சுற்றையும் கூடுதலாகச் சுற்றித் தீர்க்க வேண்டும். சராசரியாக 1,200 ஹெர்ட்ஸ், உச்சத்தில் 1,885 ஹெர்ட்ஸ். திரும்பி வரும்போது அவ்வளவும் கழியும். 440லிருந்து 1,885ஐக் கழித்தால் எதிர்மறை, அதாவது அலை பின்னோக்கி ஓடுகிறது. நாம் கேட்டது வெறும் 5 ஹெர்ட்ஸ்.

மருந்து ஒரே வரி. நேரத்தை மறந்துவிடுங்கள். அலை தன் சுற்றில் இப்போது எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். இயற்பியல் புத்தகம் அதைக் கட்டம் என்கிறது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதோடு, அதிர்வெண்ணை 44,100ஆல் வகுத்து வரும் பின்னத்தைக் கூட்டுங்கள். அலை எடுத்து வைக்கும் எட்டு அது. முழுச் சுற்று ஆனதும் ஒன்றைக் கழித்துவிடுங்கள். அவ்வளவுதான். ஸ்வரம் மாறினால் எட்டின் அளவு மாறும், நிற்கும் இடம் மாறாது. அலை விட்ட இடத்திலிருந்தே வேறு வேகத்தில் தொடரும். 0.07க்கு அடுத்தது 0.07க்குப் பக்கத்து எண்ணாகவே இருக்கும். ‘டிக்’ போயே போய்விடும். அசைவு கேட்ட அளவிலேயே நிற்கும், பத்து மணி நேரம் ஆனாலும்.

கூட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. சிலர் கட்டத்தைக் கூட்டுவதற்குப் பதில் நேரத்தைக் கூட்டுவார்கள்: சாம்பிளுக்கு 44,100ல் ஒரு விநாடி, அதுவும் ஃப்ளோட் வகை எண்ணில். ஃப்ளோட்டுக்கு ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நினைவிருக்கும். எண் வளர வளர அதன் கடைசி இலக்கங்கள் உதிரும், கூட்டும் சிறு எட்டு கரடுமுரடாக முழுமையாக்கப்படும். இதன் விளைவைக் காகிதத்திலேயே கணக்கிட முடியும், கேட்கவும் முடியும். நான்காவது விநாடியிலிருந்து ஸ்வரம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு ஏறி நிற்கும், தேர்ந்த காதுக்குத்தான் தெரியும். 2 நிமிடம் 7 விநாடி ஆகும்போது எண் 128ஐத் தொடுகிறது. ஸ சட்டென்று சரிந்து மந்திர ஸ்தாயி மத்யமத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அங்கே மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டு, எண் 256ஐத் தொட்டதும் மிகச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். எட்டரை நிமிடம் ஆகும் சமயத்தில் எண் 512. அதோடு மௌனம். கூட்டும் எட்டு, ஃப்ளோட்டின் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாகிவிட்டது. கூட்டக் கூட்ட எண் அசையாது, சவ்வும் ஓரிடத்தில் உறைந்துவிடும். யாரும் திட்டமிடாத ஸ, ம, ம. டபுள் வகை எண்ணை எடுத்துக்கொண்டால் இதே மௌனம் வர 8,000 ஆண்டுக்கு மேலாகும். அதுவரை கச்சேரி நடக்காது என்றாலும், வளரும் எண்ணை நம்புவது தவறுதான்.

அப்படியானால் வளரவே வளராத எண் எது? ஜாவாவின் சாதாரண முழு எண். ‘இன்ட்’ என்ற அந்த வகைக்கு எந்தக் கணினியிலும் 32 பிட்தான், அதைவிடக் கூடவோ குறையவோ ஜாவா அனுமதிப்பதில்லை. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அதோடு ஒன்றைக் கூட்டினால் ஜாவா எந்தப் புகாரும் சொல்லாமல், எந்தப் பிழையும் காட்டாமல், எதிர்மறைப் பக்கத்தின் அடி மட்டத்துக்குப் போய்விடும். நிரல் எழுதுபவர்களுக்குக் கெட்ட கனவில் வரும் விஷயம் இது. 1996ல் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியதற்கு, 16 பிட் எண்ணுக்குள் அடங்காத ஒரு மதிப்பை அதற்குள் திணித்ததுதான் காரணம்.

இசைக்கு இதே குணம் வரமாகிறது. இன்ட் எண்ணின் மொத்த மதிப்புகள் 4,294,967,296. அவை அத்தனையையும் ஒரு முழுச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து மேல் எல்லைவரை அரைச் சுற்று, எதிர்மறை அடிமட்டத்திலிருந்து பூஜ்யம்வரை மறு அரைச் சுற்று. 440 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு சாம்பிளிலும் கூட்ட வேண்டிய எட்டு 42,852,281. கூட்டிக்கொண்டே இருங்கள். சுற்று முடிந்ததா என்று பார்க்க வேண்டாம், கழிக்க வேண்டாம். எண் நிரம்பி வழியும்போது மறு அரைச் சுற்று தானாகத் தொடங்கும். விநாடிக்கு 440 முறை அது நிரம்பி வழிகிறது. நாம் கேட்கும் ஸ்வரமே அந்த வழிதல்தான். எட்டை ஒன்று கூட்டினால் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸில் லட்சத்தில் ஒரு பங்கு மாறும். மனிதக் காதுக்கு இந்த நுணுக்கம் வீண். முழுமையாக்கல் பிழை கூட்டக் கூட்டச் சேர்வதும் இல்லை, முழு எண்ணாயிற்றே. சைன் மதிப்புக்கும் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டியதில்லை. 4,096 மதிப்புகள் கொண்ட அட்டவணையை ஆரம்பத்திலேயே தயாரித்து வைத்துவிட்டு, எண்ணின் மேல் 12 பிட்டுகளை மட்டும் எடுத்து அதில் பார்த்தால் போதும். ஒரு கூட்டல், ஒரு பிட் நகர்த்தல், ஒரு பார்வை.

இந்த உத்தி ஜாவாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, ரேடியோ மின்னணுவியலில் எழுபதுகளிலிருந்தே இருக்கிறது. ஆனால் எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதை மொழியின் இலக்கணத்திலேயே எழுதி வைத்தது ஜாவா.

கர்நாடக இசைக்காரர்களுக்கு இதில் கூடுதல் லாபம். ஜாவாவிலேயே ஒரு மிடி தொகுப்பி இருக்கிறது. ‘60வது ஸ்வரத்தை ஒலி’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் பியானோ ஒலிக்கும், நான் மேலே சொன்ன கணக்கு எதையும் நீங்கள் போடாமலே. ஆனால் 1983ல் வந்த மிடி, விசைகளை நினைத்து உருவான ஏற்பாடு. அதன் ஸ்தாயியில் சம இடைவெளியில் 12 படிகள். 261.63ஐ ஸட்ஜமாக வைத்தால் கீபோர்டின் அந்தர காந்தாரம் 329.63 ஹெர்ட்ஸ். ஸட்ஜத்தின் 5/4 மடங்கான காந்தாரமோ 327.03. இரண்டரை ஹெர்ட்ஸ்தானே என்று விட முடியாது. தம்புராவின் ஸட்ஜத் தந்தி தன் ஐந்தாவது ஹார்மோனிக்கில், 1,308 ஹெர்ட்ஸில், காந்தாரத்தைத் தானாகவே எழுப்பிக்கொண்டிருக்கிறது. கீபோர்டு காந்தாரத்தின் நான்காவது ஹார்மோனிக் 1,318.5. இரண்டும் விநாடிக்குப் பத்து முறை உரசும். தம்புராவில் மேல் ஹார்மோனிக்குகள் இவ்வளவு வலுவாக வருவதற்குக் காரணம் அதன் பட்டையான குதிரையும் அதன்மேல் தந்தி தொட்டு விலகும் விதமும்தான். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1921லேயே வீணையையும் தம்புராவையும் வைத்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

கமகத்துக்கு மிடியில் ‘பிட்ச் பெண்ட்’ என்று ஒன்று உண்டு. வழக்கமான ஏற்பாட்டில் மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம். அதுவும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனியாக அல்ல, அந்த வாய்க்காலில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே வளைக்கும். கட்டத்தைக் கூட்டும் முறையில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. எட்டின் அளவை சாம்பிளுக்குச் சாம்பிள் மாற்றலாம். தோடியின் காந்தாரம் எந்த வழியில் அசைய வேண்டும் என்று நீங்கள் எண்களில் எழுத முடிந்தால், அது பிசிறில்லாமல் அந்த வழியில் அசையும். அந்த எண்கள் எவை என்பது கணினியின் கேள்வியல்ல, குருவிடம் கேட்க வேண்டியது. ‘ஏஐ கமகம்’ என்று விளம்பரம் பார்த்தால், கேட்டுவிட்டு நம்புங்கள்.

வாசகருக்குச் சில வார்த்தைகள். பஃபர் அளவை நீங்களே கொடுங்கள். 10 மில்லி விநாடியில் உங்கள் கணினி வெடித்தால் 20, 30 என்று ஏற்றிப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி மாட்டுங்கள். அது தன் பங்குக்கு 100 மில்லி விநாடிக்கு மேல் சேர்த்திருக்கும், பழியை ஜாவா சுமந்திருக்கும். விரலை எடுத்ததும் ஒலியைச் சட்டென்று பூஜ்யமாக்காமல் 200 சாம்பிளுக்குள் படிப்படியாக இறக்குங்கள், இல்லாவிட்டால் ‘டிக்’ வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும். வெறும் சைன் அலை சீக்கிரம் அலுத்துவிடும். அப்போது கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983ல் வெளியிட்ட முறையைத் தேடிப் படியுங்கள். 168 தாறுமாறான எண்களை வரிசையாக வைத்து, பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டே சுற்றி வந்தால், ஸட்ஜத்தில் மீட்டிய தந்தி கேட்கும்.

கைபேசியில் செய்யப் போகிறீர்கள் என்றால் தோழர்கள் சொன்னது பாதி சரி. ஆண்ட்ராய்டில் ஜாவாவின் இந்த ஒலித் தொகுப்பே கிடையாது. தாமதம் குறைவாக வேண்டுமென்றால் ஓபோ என்ற சி பிளஸ் பிளஸ் நூலகத்தைப் பயன்படுத்தும்படி கூகுளே சொல்கிறது. கட்டத்தைக் கூட்டும் கணக்கு அங்கும் இதேதான். ஆனால் குறி இல்லாத முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குறியுள்ள எண் நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி பிளஸ் பிளஸ் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.